பல கணினிகளுக்கு ஒரே அமைவு: டாட்ஃபைல்ஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலுவலக லேப்டாப், வீட்டு டெஸ்க்டாப், வாடகைக்கு எடுத்த ஒரு சர்வர் என்று இரண்டு மூன்று இடங்களில் டெர்மினலில் வேலை செய்பவர்களுக்கான பக்கம் இது. அமைவுக் கோப்புகளை ஒரு கிட் ரெப்போவில் (கோப்புகளை அவற்றின் மாற்ற வரலாற்றோடு வைக்கும் களஞ்சியம்) வைத்து, அதை ஒவ்வொரு கணினியிலும் குளோன் செய்வது, அதாவது பிரதி எடுப்பது, இங்கே சொல்லும் வழி. கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்புப்படி எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். ‘~’ என்று வரும் இடமெல்லாம் உங்கள் ஹோம் டைரக்டரி.

டாட்ஃபைல்ஸ் என்பவை எவை? ஏன் பெயருக்கு முன்னால் புள்ளி?

பேஷ், விம், கிட், எஸ்எஸ்எச் போன்ற நிரல்கள் உங்கள் விருப்பங்களைப் படித்துக்கொள்ளும் கோப்புகள் இவை: ‘.பேஷ்ஆர்சி’, ‘.விம்ஆர்சி’, ‘.கிட்கான்ஃபிக்’ என்று போகும். யூனிக்ஸின் ஆரம்ப காலத்தில் ‘.’, ‘..’ என்ற இரண்டு பதிவுகளை மட்டும் பட்டியலில் காட்டாமலிருக்க, ‘எல்எஸ்’ நிரலில் முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்த்தார்கள். அதனால் புள்ளியில் தொடங்கும் எல்லாக் கோப்புகளுமே மறைந்துபோயின என்று யூனிக்ஸ் குழுவில் இருந்த ராப் பைக் விளக்கியிருக்கிறார். அந்த மறைவிடத்தைப் பிறகு எல்லா நிரல்களும் பயன்படுத்திக்கொண்டன.

இப்போதைய நிரல்கள் பலவும் எக்ஸ்டிஜி (எந்தக் கோப்பு எங்கே என்று சொல்லும் லினக்ஸ் டெஸ்க்டாப் பொது விதி) விதிப்படி அமைவுகளை ‘~/.கான்ஃபிக்’கிலும், தரவை ‘~/.லோக்கல்/ஷேர்’இலும், நிலைக்குறிப்புகளை ‘~/.லோக்கல்/ஸ்டேட்’இலும், தற்காலிகக் கோப்புகளை ‘~/.கேஷ்’இலும் வைக்கின்றன. ஆனால் எல்லா நிரல்களும் இந்த விதியை மதிப்பதில்லை. குரோம் தன் முழு புரொஃபைலையும் குக்கிகளோடு சேர்த்து ‘~/.கான்ஃபிக்’கிலேயே வைக்கிறது. ஆகவே ‘~/.கான்ஃபிக்’கை அப்படியே ரெப்போவில் போடுவது பெரிய தவறு.

எதை ரெப்போவில் வைக்க வேண்டும்? எதை விட வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். ஸ்டோவா, ஷேமுவாவா என்று கருவியைப் பற்றி யோசிக்கும் நேரத்தை இதற்குச் செலவிடுங்கள்.

நீங்கள் கையால் எழுதிய கோப்பை மட்டும் வையுங்கள். நிரல் தானாக எழுதும் கோப்பை வைக்காதீர்கள். ஒரு கோப்பை எடிட்டரில் திறந்து, அதிலுள்ள ஒவ்வொரு வரியும் ஏன் இருக்கிறது என்று உங்களால் சொல்ல முடிந்தால் அது உள்ளே வரலாம். ஜன்னல் எந்த அளவில் இருந்தது, கடைசியாகத் திறந்த கோப்பு எது என்றெல்லாம் நிரல் தானே குறித்துக்கொள்ளும் கோப்புகள் உள்ளே வந்தால், நீங்கள் எதையும் தொடாமலேயே ‘கிட் ஸ்டேட்டஸ்’ தினமும் மாற்றங்களைக் காட்டும். ஒரு வாரத்தில் அதைப் பார்ப்பதையே நிறுத்திவிடுவீர்கள். அதற்குப் பிறகு உண்மையான மாற்றமும் கண்ணில் படாது.

ஷெல் ஹிஸ்டரி, எஸ்எஸ்எச் தனிச்சாவி, ‘.நெட்ஆர்சி’, ‘.பிஜிபாஸ்’, டோக்கன் (கடவுச்சொல் போன்ற ரகசியச் சரம்) அடங்கிய ‘.என்பிஎம்ஆர்சி’, ‘~/.ஏடபிள்யூஎஸ்/கிரெடென்ஷியல்ஸ்’ ஆகியவை எந்தக் காரணம் கொண்டும் உள்ளே வரக்கூடாது. பிரைவேட் ரெப்போ என்றாலும் அப்படித்தான். அந்த ரெப்போ நீங்கள் குளோன் செய்யும் ஒவ்வொரு கணினியிலும் வெறும் எழுத்தாகக் கிடக்கும், அதில் நாளை திருப்பிக் கொடுக்க வேண்டிய அலுவலக லேப்டாப்பும் அடங்கும்.

டிராப்பாக்ஸ், சிங்க்திங் போதாதா? கிட் எதற்கு?

படங்களுக்கும் குறிப்புகளுக்கும் போதும். அமைவுக் கோப்புக்கு வரலாறு வேண்டும். ‘போன வாரம் வேலை செய்த கீபைண்டிங் ஏன் இன்று செய்யவில்லை’ என்பதற்கு ‘கிட் லாக் -பி’ ஒரு நிமிடத்தில் பதில் சொல்லும். தவிர, சிங்க் கருவிகள் நீங்கள் பாதி எழுதிய பிழையான வரியையும் உடனே மற்ற கணினிகளுக்கு அனுப்பிவிடும். எஸ்எஸ்எச் அமைவில் அப்படி ஒரு பிழை போய்ச் சேர்ந்தால், அந்தக் கணினியிலிருந்து எந்த சர்வருக்குள்ளும் நுழைய முடியாமல் நிற்பீர்கள்.

இரண்டையும் கலக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘.கிட்’ டைரக்டரியை சிங்க்திங் வழியே இரண்டு கணினிகளுக்கிடையே ஓடவிட்டால், இரு பக்கமும் ஒரே நேரத்தில் மாறும்போது ‘சிங்க்-கான்ஃப்ளிக்ட்’ என்ற பெயரோடு உபரிக் கோப்புகள் உள்ளேயே முளைக்கும், ரெப்போ கெட்டுப்போகும்.

எந்தக் கருவியில் தொடங்கலாம்?

கணினிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி என்றால் கிட்டும் குனூ ஸ்டோவும் போதும். கூடுதலாக எதையும் நிறுவ முடியாத சர்வர்கள் அதிகம் என்றால் பேர் ரெப்போ முறை. மேக், லினக்ஸ், விண்டோஸ் மூன்றும் கலந்து இருந்தாலோ, கோப்புக்குள் கணினிக்குக் கணினி வேறுபடும் வரிகள் நிறைய இருந்தாலோ ஷேமுவா. பேர் ரெப்போ முறையையே சற்று வசதியாக்கித் தருவது யாடம். கோப்புப் பெயரின் பின்னால் ‘##ஓஎஸ்.லினக்ஸ்’ என்பதுபோலச் சேர்த்தால், அந்தக் கணினிக்குப் பொருந்துவதை அதுவே தேர்ந்தெடுத்து இணைக்கும்.

முதன்முறை செய்பவர்களுக்கு எங்கள் பரிந்துரை ஸ்டோ. அது செய்வதெல்லாம் சிம்லிங்க் (வேறிடத்தில் இருக்கும் கோப்பைச் சுட்டும் இணைப்பு) போடுவது மட்டுமே, பிடிக்காவிட்டால் ஐந்து நிமிடத்தில் விலகிவிடலாம்.

ஸ்டோவை எப்படி அமைப்பது?

‘~/டாட்ஃபைல்ஸ்’ என்று ஒரு டைரக்டரி உருவாக்கி அதில் ‘கிட் இனிட்’ கொடுங்கள். உள்ளே ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு டைரக்டரி: ‘பேஷ்’, ‘விம்’, ‘கிட்’. ஒவ்வொன்றின் உள்ளேயும் ஹோமில் கோப்பு எந்தப் பாதையில் இருக்குமோ அதே பாதையில் வையுங்கள். அதாவது ‘~/டாட்ஃபைல்ஸ்/பேஷ்/.பேஷ்ஆர்சி’, ‘~/டாட்ஃபைல்ஸ்/கிட்/.கான்ஃபிக்/கிட்/கான்ஃபிக்’. ஹோமில் இருக்கும் அசல் கோப்பை ‘எம்வி’ கட்டளையால் உள்ளே நகர்த்துங்கள். பிரதி எடுக்க வேண்டாம், ஏனென்றால் பழைய இடம் காலியாக இருந்தால்தான் லிங்க் போட முடியும்.

பிறகு ‘~/டாட்ஃபைல்ஸ்’க்குள் நின்றுகொண்டு ‘ஸ்டோ -என் -வி பேஷ்’ என்று ஓட்டுங்கள். ‘-என்’ வெறும் ஒத்திகை, எதையும் மாற்றாது. என்ன செய்யப்போகிறது என்று படித்துப் பார்த்தபின் ‘ஸ்டோ பேஷ்’. நீக்க ‘ஸ்டோ -டி பேஷ்’ (பெரிய எழுத்து டி, அதாவது டெலீட்). கோப்புகளைச் சேர்த்தோ பெயர் மாற்றியோ இருந்தால் ‘ஸ்டோ -ஆர் பேஷ்’ (இதுவும் பெரிய எழுத்து).

ஸ்டோ தன் இலக்காக எடுத்துக்கொள்வது நீங்கள் நிற்கும் டைரக்டரியின் மேல் டைரக்டரியை. ரெப்போவை ‘~/கோட்/டாட்ஃபைல்ஸ்’இல் வைத்தால் லிங்க்குகள் ‘~/கோட்’டில் போய் விழும். அப்படி வைக்க விரும்பினால் ஒவ்வொரு முறையும் ‘-டி ~’ (சிறிய எழுத்து டீ, அதாவது டார்கெட்) சேருங்கள்.

ஸ்டோ போட்டபின் ரெப்போவுக்குள் சம்பந்தமில்லாத கோப்புகள் வருகின்றன. ஏன்?

ஹோமில் நியோவிம் எடிட்டரின் ‘~/.கான்ஃபிக்/என்விம்’ என்ற டைரக்டரி இன்னும் இல்லையென்றால், ஸ்டோ ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியாக லிங்க் போடாது. முழு டைரக்டரிக்கும் ஒரே லிங்க் போட்டுவிடும். அதன்பின் அந்த நிரல் அங்கே எழுதும் எதுவும் நேராக உங்கள் ரெப்போவில் விழும். இதைவிட மோசமானது புதிய கணினியில் ‘~/.எஸ்எஸ்எச்’ இல்லாத நிலையில் ஸ்டோ ஓட்டுவது. பிறகு உருவாக்கும் தனிச்சாவி ரெப்போவுக்குள்ளேயே பிறக்கும், ஒரு ‘கிட் ஆட்’ தொலைவில் காத்திருக்கும்.

‘ஸ்டோ --நோ-ஃபோல்டிங்’ என்று ஓட்டினால் டைரக்டரிகளை உண்மையாக உருவாக்கி, கோப்புகளுக்கு மட்டும் லிங்க் போடும். ‘--நோ-ஃபோல்டிங்’ என்பதை மட்டும் ‘~/டாட்ஃபைல்ஸ்/.ஸ்டோஆர்சி’ கோப்பில் ஒரு வரியாக எழுதிவைத்தால் ஒவ்வொரு முறையும் தட்டத் தேவையில்லை.

ஏற்கனவே கோப்பு இருக்கிறது என்று ஸ்டோ மறுக்கிறது. ‘--அடாப்ட்’ கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் முதலில் எல்லாவற்றையும் கமிட் செய்துவிட்டு. ‘--அடாப்ட்’ ஹோமில் இருக்கும் கோப்பை ரெப்போவுக்குள் நகர்த்தி, அங்கே இருந்ததன் மேல் எழுதிவிடும். கமிட் இருந்தால் ‘கிட் டிஃப்’ இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும், வேண்டாததை ‘கிட் ரெஸ்டோர்’ தள்ளிவிடும். கமிட் இல்லையென்றால் நீங்கள் எழுதியது போனதுதான்.

ஸ்டோ சில பெயர்களைத் தானாகவே விட்டுவிடும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. ‘.கிட்இக்னோர்’ அவற்றில் ஒன்று. எல்லா ரெப்போக்களுக்கும் பொதுவான இக்னோர் பட்டியலை ‘~/.கிட்இக்னோர்’ என்று வைத்திருப்பவர்கள் ‘லிங்க் விழவே இல்லையே’ என்று குழம்புவது இதனால்தான். அதை ‘~/.கான்ஃபிக்/கிட்/இக்னோர்’ என்று மாற்றுங்கள். கிட் அந்த இடத்தைத் தானாகவே படிக்கும்.

நேற்று லிங்க்காக இருந்த கோப்பு இன்று சாதாரணக் கோப்பாகிவிட்டதே?

பல நிரல்கள் சேமிக்கும்போது புதிய கோப்பு ஒன்றை எழுதி, அதைப் பழைய பெயருக்கு மாற்றும். நடுவில் மின்சாரம் போனாலும் கோப்பு சிதையாமலிருக்க அது நல்ல வழி. ஆனால் பழைய பெயரில் இருந்தது உங்கள் சிம்லிங்க் என்றால், அதன் இடத்தில் நிஜக் கோப்பு உட்கார்ந்துவிடும், ரெப்போவில் இருப்பது அப்படியே பழையதாக நிற்கும். மேக்கின் பிரெஃபரன்ஸ் பிளிஸ்ட் கோப்புகளை லிங்க் செய்து வைப்பவர்களுக்கும் இதே கதிதான். இப்படிப்பட்ட கோப்புகளை லிங்க் செய்யாதீர்கள். மேக் அமைவுகளை ‘டிஃபால்ட்ஸ் ரைட்’ வரிகளாக ஒரு ஸ்கிரிப்டில் எழுதி அந்த ஸ்கிரிப்டை ரெப்போவில் வையுங்கள்.

பேர் ரெப்போ முறை எப்படி?

லிங்க்கே இல்லாமல் ஹோம் டைரக்டரியையே வொர்க்-ட்ரீ (கிட் கவனிக்கும் கோப்புகள் இருக்கும் இடம்) ஆக்குவது. வரலாறு மட்டும் தனியாக ஒரு பேர் ரெப்போவில் இருக்கும். ‘கிட் இனிட் --பேர் ~/.டாட்ஃபைல்ஸ்’ என்று தொடங்கி, ‘கிட் --கிட்-டிர்=$ஹோம்/.டாட்ஃபைல்ஸ் --வொர்க்-ட்ரீ=$ஹோம்’ என்பதற்கு ‘டாட்’ என்று ஓர் அலியாஸ் வையுங்கள். அடுத்து ‘டாட் கான்ஃபிக் --லோக்கல் ஸ்டேட்டஸ்.ஷோஅன்டிராக்டுஃபைல்ஸ் நோ’. இது இல்லாவிட்டால் ஹோமில் இருக்கும் அத்தனை கோப்புகளையும் ஸ்டேட்டஸ் பட்டியலிடும். அதன்பின் ‘டாட் ஆட் ~/.பேஷ்ஆர்சி’, ‘டாட் கமிட்’ என்று வழக்கம்போல.

புதிய கணினியில் ‘கிட் குளோன் --பேர்’ செய்து ‘டாட் செக்அவுட்’ கொடுத்தால், ஏற்கனவே இருக்கும் ‘.பேஷ்ஆர்சி’ மேலெழுதப்படும் என்று சொல்லி நிற்கும். அந்தக் கோப்புகளை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டு மீண்டும் கொடுங்கள். பேர் குளோனில் ஃபெட்ச் விதி அமைவதில்லை. அதனால் ‘டாட் ஃபெட்ச்’ செய்தும் ‘ஆரிஜின்/மெயின்’ தெரியாது. ‘டாட் கான்ஃபிக் ரிமோட்.ஆரிஜின்.ஃபெட்ச்’ என்பதற்கு ‘+ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/*:ரெஃப்ஸ்/ரிமோட்ஸ்/ஆரிஜின்/*’ என்ற மதிப்பை மேற்கோள் குறிக்குள் கொடுத்தால் சரியாகும்.

இந்த முறையில் ‘டாட் கிளீன் -எஃப்டி’ என்று ஒருபோதும் தட்டாதீர்கள். ரெப்போவில் சேர்க்காத எல்லாவற்றையும் அழிப்பது ‘கிளீன்’இன் வேலை. இங்கே ரெப்போவில் சேர்க்காதது என்றால் உங்கள் ஆவணங்களும் படங்களும்தான்.

ஒரு கணினிக்கு மட்டும் வேறு அமைவு வேண்டும். தனி பிராஞ்ச் வைக்கலாமா?

வேண்டாம். கணினிக்கு ஒரு பிராஞ்ச் என்று வைத்தால், பொதுவான ஒரு வரியை மாற்றும்போதெல்லாம் எல்லாப் பிராஞ்ச்களுக்கும் மெர்ஜ் செய்ய வேண்டும். பிராஞ்ச்கள் மெல்ல மெல்ல விலகிப்போகும்.

பொதுவானது ரெப்போவில், அந்தக் கணினிக்கே உரியது ரெப்போவுக்கு வெளியே ஒரு லோக்கல் கோப்பில் என்று பிரியுங்கள். ‘.பேஷ்ஆர்சி’யின் கடைசியில் ‘~/.பேஷ்ஆர்சி.லோக்கல்’ இருந்தால் அதைச் சோர்ஸ் செய்யும் (அதிலுள்ள கட்டளைகளை இதே ஷெல்லில் ஓட்டும்) ஒரு வரி. கிட்டில் ‘இன்குளூட்’ பிரிவில் ‘பாத் = ~/.கிட்கான்ஃபிக்.லோக்கல்’. அந்தக் கோப்பு இல்லாவிட்டாலும் கிட் பிழை சொல்லாது, அதனால் எல்லாக் கணினிகளிலும் தயங்காமல் வைக்கலாம்.

வரிசையில்தான் பலர் சறுக்குகிறார்கள். கிட்டில் கடைசியாக வரும் மதிப்பு வெல்லும், எனவே லோக்கல் இன்குளூட் கோப்பின் அடியில் இருக்க வேண்டும். எஸ்எஸ்எச்சில் முதலில் கிடைக்கும் மதிப்பு வெல்லும், எனவே அங்கே ‘இன்குளூட்’ வரி கோப்பின் உச்சியில், ‘ஹோஸ்ட் *’ பிரிவு அடியில். எஸ்எஸ்எச் ‘இன்குளூட்’டை ஏதாவது ஒரு ‘ஹோஸ்ட்’ பிரிவுக்குக் கீழே வைத்தால், அந்த ஹோஸ்டுக்கு மட்டுமே அது பொருந்தும்.

அலுவலகக் கமிட்டுகளில் வீட்டு மின்னஞ்சல் போய்விடுகிறது என்றால் கிட்டின் ‘இன்குளூட்இஃப்’ உதவும். ‘கிட்டிர்:~/வொர்க்/’ என்ற நிபந்தனையில் கடைசிச் சாய்கோடு முக்கியம். அது இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ரெப்போக்களுக்குப் பொருந்தாது. எந்தக் கோப்பிலிருந்து மதிப்பு வந்தது என்று பார்க்க ‘கிட் கான்ஃபிக் --ஷோ-ஆரிஜின் யூசர்.ஈமெயில்’.

ஷேமுவாவுக்கு எப்போது மாற வேண்டும்?

லோக்கல் கோப்பு வசதியே இல்லாத நிரல்கள் பல உங்களிடம் இருக்கும்போது. ஷேமுவா லிங்க் போடுவதில்லை. ‘~/.லோக்கல்/ஷேர்/ஷேமுவா’வில் மூலத்தை வைத்து, அதிலிருந்து ஹோமில் நிஜக் கோப்புகளை எழுதுகிறது. மூலத்தில் ‘டாட்_பேஷ்ஆர்சி’ என்று இருப்பது ஹோமில் ‘.பேஷ்ஆர்சி’ ஆகும். பெயரில் ‘பிரைவேட்_’ சேர்த்தால் அந்தக் கோப்பை வேறு யாரும் படிக்க முடியாதபடி அனுமதி வைக்கும். முடிவில் ‘.டிஎம்பிஎல்’ இருந்தால் டெம்ப்ளேட், உள்ளே ஓஎஸ் பெயரையோ ஹோஸ்ட் பெயரையோ வைத்து நிபந்தனை எழுதலாம்.

பழக்கத்தில் ஹோமில் இருக்கும் கோப்பையே நேராகத் திருத்திவிடுவதுதான் இதில் வழக்கமான சிக்கல். மூலம் மாறியிருக்காது. ‘ஷேமுவா அப்ளை’ கொடுக்கும் முன் எப்போதும் ‘ஷேமுவா டிஃப்’ பாருங்கள். ஹோமில் செய்த மாற்றத்தை மூலத்துக்குக் கொண்டுபோக ‘ஷேமுவா ரீ-ஆட்’. ஆனால் டெம்ப்ளேட்களை அது தொடாது, அவற்றுக்கு ‘ஷேமுவா மெர்ஜ்’.

ஒரு டோக்கன் தவறுதலாக புஷ் ஆகிவிட்டது. என்ன செய்வது?

முதலில் அந்த டோக்கனை அதை வழங்கிய தளத்தில் ரத்து செய்யுங்கள். ரெப்போவைச் சுத்தம் செய்வது இரண்டாவது வேலை. பொது ரெப்போவில் ஒரு நிமிடம் இருந்தாலும் வெளியே போய்விட்டது என்றே கொள்ள வேண்டும். அடுத்த கமிட்டில் அந்த வரியை நீக்குவதால் பயனில்லை, பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும்.

ரத்து செய்தபின், புதிதாக எடுத்த குளோனில் ‘கிட் ஃபில்டர்-ரெப்போ --பாத் .நெட்ஆர்சி --இன்வர்ட்-பாத்ஸ்’ என்று ஓட்டினால் வரலாறு முழுவதிலுமிருந்து அந்தக் கோப்பு போய்விடும். அது ‘ஆரிஜின்’ ரிமோட்டையும் நீக்கிவிடும். மீண்டும் சேர்த்து ஃபோர்ஸ் புஷ் செய்யுங்கள். மற்றக் கணினிகளில் இருக்கும் பழைய குளோன்களை அழித்துவிட்டுப் புதிதாக எடுங்கள். ஏதாவது ஒன்றிலிருந்து பழைய வரலாறு மெர்ஜ் ஆகித் திரும்ப வந்துவிடக்கூடாது.

இனி வராமலிருக்க கிட்லீக்ஸ் போன்ற சோதனைக் கருவியை பிரீ-கமிட் ஹுக்கில் (கமிட்டுக்கு முன் தானாக ஓடும் ஸ்கிரிப்டில்) வையுங்கள். எஸ்எஸ்எச் சாவியைப் பொறுத்தவரை, கணினிக்கு ஒன்று என்று ‘எஸ்எஸ்எச்-கீஜென் -டி ஈடி25519’ கொடுத்துப் புதிதாக உருவாக்குவதே சரி. ஒரு லேப்டாப் தொலைந்தால் அந்த ஒரு சாவியை மட்டும் நீக்கினால் போதும்.

குளோன் செய்தபின் எஸ்எஸ்எச் அனுமதிப் பிழை தருகிறது.

கிட் ஒரு கோப்பின் அனுமதியில் இயக்கக்கூடியதா இல்லையா என்பதை மட்டுமே நினைவில் வைக்கும். 600 என்று வைத்த கோப்பு மறுபக்கம் 644 ஆகவோ 664 ஆகவோ வரும். எஸ்எஸ்எச் அமைவுக் கோப்பில் பிறர் எழுத முடியும் என்றால் நிரல் மறுத்துவிடும். நிறுவல் ஸ்கிரிப்டில் ‘~/.எஸ்எஸ்எச்’சுக்கு 700, உள்ளே ‘கான்ஃபிக்’குக்கு 600 என்று ‘சிஎச்மாட்’ வரிகளைச் சேருங்கள்.

ஒரே ‘.பேஷ்ஆர்சி’ ஓரிடத்தில் வேலை செய்கிறது, வேறிடத்தில் இல்லை. ஏன்?

லாகின் ஷெல்லா இல்லையா என்பதைப் பொறுத்து பேஷ் படிக்கும் கோப்பு மாறும். லாகின் என்றால் ‘.பேஷ்_புரொஃபைல்’, அது இல்லையென்றால் ‘.பேஷ்_லாகின்’, அதுவும் இல்லையென்றால் ‘.புரொஃபைல்’. இவற்றில் முதலில் கிடைப்பதை மட்டும் படிக்கும். லாகின் அல்லாத இன்டராக்டிவ் ஷெல் ‘.பேஷ்ஆர்சி’யைப் படிக்கும். மேக் டெர்மினல் ஒவ்வொரு ஜன்னலையும் லாகின் ஷெல்லாகத் திறக்கும். ‘.பேஷ்_புரொஃபைல்’இலிருந்து ‘.பேஷ்ஆர்சி’யைச் சோர்ஸ் செய்துவிட்டால் வித்தியாசம் தீரும்.

2019இல் வந்த கேட்டலினாவிலிருந்து மேக்கின் இயல்பு ஷெல் இசட்எஸ்எச். கூடவே வரும் பேஷ் இன்னும் 3.2 பதிப்பு, ‘டிகிளேர் -ஏ’ (பெரிய எழுத்து) போன்ற 4ஆம் பதிப்பு வசதிகள் அதில் இல்லை. இசட்எஸ்எச்சில் பாத் மாறியை (கட்டளைகளைத் தேடும் டைரக்டரிகளின் பட்டியல்) ‘.இசட்எஸ்எச்என்வி’யில் அமைத்தால், பிறகு ஓடும் ‘/ஈடிசி/இசட்புரொஃபைல்’ வரிசையை மாற்றி உங்களுடையதைப் பின்னால் தள்ளிவிடும். ‘.இசட்புரொஃபைல்’இல் அமையுங்கள். மேக்கில் நிரல்களை நிறுவும் கருவியான ஹோம்பிரூ ஆப்பிள் சிலிக்கானில் ‘/ஆப்ட்/ஹோம்பிரூ’விலும் இன்டெல் மேக்கில் ‘/யுஎஸ்ஆர்/லோக்கல்’இலும் இருக்கும். பாதையை நேராக எழுதாமல் இருக்கிறதா என்று சோதித்துச் சேருங்கள்.

‘.பேஷ்ஆர்சி’யில் வரவேற்புச் செய்தி அச்சிட்டால் ‘எஸ்சிபி’யும் ‘ஆர்சிங்க்’கும் உடைந்துவிடும். எஸ்எஸ்எச் வழியே கட்டளை ஓட்டும்போதும் பேஷ் அந்தக் கோப்பைப் படிக்கிறது, உங்கள் செய்தி தரவோடு கலக்கிறது. ‘$-’ மாறியில் ‘ஐ’ எழுத்து இல்லையென்றால் உடனே ரிடர்ன் ஆகும் சோதனையை உச்சியில் வையுங்கள். உபுண்டுவோடு வரும் ‘.பேஷ்ஆர்சி’யில் அது ஏற்கனவே இருக்கிறது, அழித்துவிடாதீர்கள்.

விண்டோஸில்?

இரண்டு விஷயம். சிம்லிங்க் போட டெவலப்பர் மோடு இயங்க வேண்டும் அல்லது நிர்வாகி அனுமதி வேண்டும். இல்லையென்றால் கிட் லிங்க்குக்குப் பதில் பாதை எழுதிய ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பை வைத்துவிடும். அடுத்தது வரி முடிவு: கிட் சிஆர்எல்எஃப் (விண்டோஸ் பாணி வரி முடிவு) ஆக மாற்றிய பேஷ் ஸ்கிரிப்ட் லினக்ஸில் ‘\ஆர்’ கட்டளை இல்லை என்று பிழை தரும். ‘.கிட்ஆட்ரிபியூட்ஸ்’இல் ‘* டெக்ஸ்ட்=ஆட்டோ ஈஓஎல்=எல்எஃப்’ என்ற ஒரு வரி போதும்.

தமிழ் எழுத்துரு, விசைப்பலகை அமைவுகளையும் கொண்டுபோகலாமா?

கொண்டுபோக வேண்டும். புதிய கணினியில் முதலில் எரிச்சலூட்டுவதே அதுதான்.

எழுத்துருத் தேர்வு ‘~/.கான்ஃபிக்/ஃபான்ட்கான்ஃபிக்/ஃபான்ட்ஸ்.கான்ஃப்’ கோப்பில் இருக்கும். அது கையால் எழுதுவது, ரெப்போவுக்கு ஏற்றது. எழுத்துருக் கோப்புகளை வைக்காமல், நிறுவ வேண்டிய பேக்கேஜ் பெயர்களை எழுதிவையுங்கள். ‘எஃப்சி-மேட்ச் சான்ஸ்-செரிஃப்:லாங்=டிஏ’ கொடுத்தால் தமிழுக்கு எந்த எழுத்துரு தேர்வாகிறது என்று தெரியும்.

க்னோமில் உள்ளீட்டு முறைகள் டிகான்ஃப் தரவுத்தளத்தில் இருக்கின்றன. அந்த பைனரிக் கோப்பை வைக்காதீர்கள். ‘டிகான்ஃப் டம்ப் /ஆர்க்/க்னோம்/டெஸ்க்டாப்/இன்புட்-சோர்சஸ்/’ தரும் வெளியீட்டை ஒரு டெக்ஸ்ட் கோப்பாகச் சேமித்து, மறுபக்கம் ‘டிகான்ஃப் லோட்’ மூலம் ஏற்றுங்கள். எஃப்சிஐடிஎக்ஸ்5 என்ற உள்ளீட்டு முறைக் கருவியைப் பயன்படுத்துபவர்கள் அது ஓடிக்கொண்டிருக்கும்போது ‘புரொஃபைல்’ கோப்பை மாற்றினால், மூடும்போது அது தன் பழைய நிலையை மேலே எழுதிவிடும். நிறுத்திவிட்டு மாற்றுங்கள். தமிழ்99 வேண்டுமென்றால் எம்17என் (பல மொழி உள்ளீட்டு முறைகளின் தொகுப்பு) பேக்கேஜும் உடன் இருக்க வேண்டும், அதையும் நிறுவல் பட்டியலில் சேருங்கள்.

கிட்டில் தமிழ்க் கோப்புப் பெயர்கள் எண்களாகத் தெரிகின்றனவா? ‘அ’ என்பது ‘\340\256\205’ என்று வரும். ‘கிட் கான்ஃபிக் --குளோபல் கோர்.க்வோட்பாத் ஃபால்ஸ்’ கொடுத்தால் தமிழிலேயே தெரியும். பொது அமைவில் இருக்க வேண்டிய வரி இது.

லேப்டாப்பில் தமிழ் லொக்கேல் (மொழி, வட்டார அமைவு) வைத்திருந்தால், உபுண்டு, டெபியனின் எஸ்எஸ்எச் அதைச் சர்வருக்கும் அனுப்பும். அங்கே அந்த லொக்கேல் இல்லையென்றால் பேர்ள் தொடங்கிப் பல நிரல்கள் எச்சரிக்கை கொட்டும். அந்தச் சர்வரின் லோக்கல் கோப்பில் ‘எல்சி_ஆல்’ மாறிக்கு ‘சி.யுடிஎஃப்-8’ என்று எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

புதிய கணினி வாங்கும் நாள்வரை காத்திருக்காதீர்கள். ‘டாக்கர் ரன் -ஐடி --ஆர்எம் உபுண்டு:24.04 பேஷ்’ என்று ஒரு வெற்று கன்டெய்னரைத் திறந்து, கிட்டை நிறுவி, ரெப்போவைக் குளோன் செய்து, உங்கள் நிறுவல் ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். எங்கேயாவது நின்றால், உங்கள் பழைய கணினியில் மட்டும் தற்செயலாக இருந்த ஏதோ ஒன்றை நம்பியிருக்கிறீர்கள். ஸ்கிரிப்டை இரண்டாம் முறையும் ஓட்டுங்கள். ‘எம்கேடிர் -பி’, இருக்கிறதா என்ற சோதனை போன்றவற்றால் எழுதியிருந்தால் இரண்டாம் ஓட்டம் எதையும் கெடுக்காது. கோப்பின் முடிவில் வரியைச் சேர்க்கும் முறையில் எழுதியிருந்தால் அதே வரி இரண்டு தடவை இருக்கும்.

இரண்டு கணினிகளிலும் மாற்றிவிட்டு புஷ் செய்ய மறந்துவிடுகிறேன்.

‘கிட் புல் --ரீபேஸ்’ஸை இயல்பாக்குங்கள்: ‘புல்.ரீபேஸ் ட்ரூ’. கமிட் செய்யாத மாற்றம் இருந்தால் புல் நின்றுவிடாமலிருக்க ‘ரீபேஸ்.ஆட்டோஸ்டாஷ் ட்ரூ’. தானாகக் கமிட் செய்து புஷ் செய்யும் கிரான் வேலை (குறித்த நேரத்தில் தானாக ஓடுவது) வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம், தெரியாமல் வந்த டோக்கனைக் கவனிக்கும் கடைசி வாய்ப்பு நீங்கள் ‘கிட் டிஃப்’ படிக்கும் அந்த நொடிதான். அதற்குப் பதில், ரெப்போவில் கமிட் ஆகாத மாற்றம் இருந்தால் புதிய ஷெல் திறக்கும்போது ஒரு வரியில் நினைவூட்டும்படி ‘.பேஷ்ஆர்சி’யில் எழுதுங்கள். ‘கிட் -சி ~/டாட்ஃபைல்ஸ் ஸ்டேட்டஸ் --போர்சலின்’ (பெரிய எழுத்து சி) எதையாவது அச்சிடுகிறதா என்று பார்த்தால் போதும். அந்த வரி இன்டராக்டிவ் சோதனைக்குக் கீழே இருக்கட்டும்.